ஸ்பெயின்காரிக்குத் தலைக்கெண்ணெய்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சில மாதங்கள் ஒரு ஸ்பெயின்காரி இருந்தாள். கறுப்பு உடுப்பு, தலையிலிருந்து தோள்வரை வழியும் கறுப்பு லேஸ், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த ஒரு விசிறி. பார்வை நம்மேல் இருக்காது. கொஞ்சம் இடப்பக்கமாக, எங்கள் அடுக்களையைப் பார்த்தபடி இருப்பாள். பால் பொங்கி வழிவது அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டதுபோல ஒரு முகம். அந்த முகத்தை நம்பி நான் சோற்றை விட்டு எழுந்துபோய் அடுப்பைப் பார்த்த நாட்கள் உண்டு.

அவளை வரைந்தவள் என் மகள். திருவனந்தபுரத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருடம். அங்கே பரீட்சைக்கு ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்து அச்சாக அதேபோல ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். மகள் எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் யாரோ வரைந்த எண்ணெய் ஓவியம். வரைந்தவர் யார் என்று தெரியாது. உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரும் தெரியாது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்டேன். "பேரு தெரிஞ்சா மட்டும் நீங்க போய்ப் பேசவா போறீங்க" என்றாள்.

விடுதி அறையில் நான்கு பெண்கள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை தலைவலிக்கிறது என்று மற்ற மூவரும் புகார் சொன்னார்கள். அதனால் வார இறுதிகளிலும் படிப்பு விடுமுறையிலும் வீட்டுக்கு வந்து வரைந்தாள். இப்படித்தான் ஸ்பெயின்காரி பாறசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். அதைவிட முழுநேர வேலை எனக்குக் கவலைப்படுவது. ரயில் பத்து நிமிடம் தாமதமானால் தண்டவாளம் முழுக்க என் மனதில் பெயர்ந்து கிடக்கும். மகள் லேப் டெக்னீஷியன் படிப்பில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லி ஓவியத்துக்குப் போனபோது நான் பட்ட கவலை கொஞ்சமில்லை. காஞ்சிரங்குளத்தில் இருக்கும் என் தங்கை, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் காரக்கோணத்துக்கு நர்சிங் படிக்கப் போகும்போது இவள் மட்டும் ஏன் இப்படி என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள். பதில் எனக்கும் தெரியாது என்பதால் சிக்னல் போய்விட்டதாகச் சொல்லிவிடுவேன்.

ஆனால் மகளுக்கு ஒரு திட்டம் இருந்தது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது எப்படி என்று சொல்லித்தரும் ஒரு மேற்படிப்பு. மிகச் சில இடங்கள்தான். அந்தப் படிப்பில் பாடம் எடுக்கும் ஒரு அம்மையார்தான் இவர்களுடைய கடைசிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர். அவருக்கு இந்தப் படம் பிடித்தால் கதவு திறக்கும். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. நான் தனியாகவே யோசித்து வைத்திருந்தேன்.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ரோட்டோரமாக அவருக்கு ஒரு சின்ன எண்ணெய் மில் உண்டு. கொப்பரை வாங்கி ஆட்டி, தேங்காய் எண்ணெய் விற்கிறார். உலகத்தில் உள்ள பெரும்பாலான சிக்கல்கள் எண்ணெய் போதாததால் வருகின்றன என்பது அவருடைய உறுதியான எண்ணம். கிரீச்சிடும் கதவு, முட்டுவலி, தூக்கமின்மை, கோபக்கார அதிகாரிகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். மகள் விடுதிக்குப் போன பிறகு தலையில் எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டாள். அதை அவர் தன் மில்லுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்துவிட்டது. எழுத்துத் தேர்வுக்காக மகள் விடுதிக்குக் கிளம்பினாள். போகும்போது எங்கள் இருவரையும், படத்தைச் சாய்த்து வைத்திருந்த சின்ன மேசை முன்னால் நிற்கவைத்துச் சொன்னாள். படம் காய வேண்டும். தொடக்கூடாது. துணியால் தூசி தட்டக்கூடாது. அவ்வளவுதான். அவர் என்னைவிட வேகமாகத் தலையாட்டினார்.

இரண்டு மூன்று நாளில் ஸ்பெயின்காரிக்கு ஏதோ ஆயிற்று. முகம் அப்படியே இருந்தது. தலைமுடியும் லேஸும் உடுப்பும் மட்டும் பளபளப்பை இழந்து, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காயவைத்ததுபோல வெளிறிப்போயின. காலையில் தோசை தின்றுகொண்டே அவர் அதைப் பார்த்தார்.

"பாத்தியா, தலை காஞ்சு பறக்குது."

படத்தில் எங்கே பறக்கிறது என்றேன். "ஒரு சொட்டு எண்ணெ கண்ட தலை இல்ல இது" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் ஸ்பெயின்காரிக்காக மட்டும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தபோது நான்தான் போனைத் திருப்பி அவளுக்குப் படத்தைக் காட்டினேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "கறுப்பு எப்பமும் அப்படித்தாம்மா. கான்வாஸ் எண்ணெய இழுத்துரும். நான் வந்து லேசா எண்ணெ தொட்டுத் தொடச்சா பழையபடி கறுத்திரும்." அந்த எண்ணெய் மேசைமேல் அவளுடைய தூரிகைகளோடு ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. ஆளிவிதை எண்ணெய். இதையெல்லாம் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. சாதாரணமாக எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஸ்பெயின்காரி மின்னினாள்.

மின்னினாள் என்றால், எதிரே இருந்த டியூப் லைட் அவள் தலையில் முழுசாகத் தெரிந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, தான் குளிப்பாட்டிய குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். மகள் வைத்திருந்த குப்பியை மோந்து பார்த்தாராம். மீன் வாடை அடித்ததாம். எங்கேயோ, யாரோ, எப்போதோ ஆட்டிய எண்ணெய். சொந்தமாக மில் வைத்திருக்கிறவன் வீட்டில், பெற்ற மகள் உயிரைக் கொடுத்து வரைந்த படத்துக்கு அந்தக் கெட்டுப்போன எண்ணெயையா போடுவது?

"நேத்து ஆட்டினதாக்கும். முதல் எண்ணெ."

எதால் தேய்த்தீர்கள் என்றேன்.

"கையாலதான். பஞ்சுல தொட்டா பாதி எண்ணெ பஞ்சே குடிச்சிரும்."

முகத்திலும் தேய்த்தீர்களா என்று கேட்டேன். அந்த ஒரு விஷயத்தில் அவர் கவனமாகவே இருந்திருக்கிறார். "முகத்துக்கு வேண்டாம்னு விட்டேன். பொம்பளைக்கு முகத்துல எண்ணெ வழிஞ்சா நல்லாவா இருக்கும்?"

சல்லடையைத் திருப்பிக்கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். இவ்வளவு நாளும் அந்தப் படத்தைப் பார்த்து, பூவாறில் போட்டில் ஏறும் வெள்ளைக்கார மதாம்மாக்களில் ஒருத்திபோல இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது கன்னத்தில் கைவைத்து, "இப்பம்தான் ஒரு குடும்பத்துல பிறந்தவ மாதிரி இருக்கா" என்றாள். என் கணவர் அந்தப் பாராட்டைத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஒரு பகல் போயிற்று. காயவில்லை. இன்னொரு பகலும் போயிற்று. எண்ணெய் நெற்றி ஓரத்தில் முத்தாகத் திரண்டு, ஒரு சொட்டு மட்டும் பிரிந்து புருவம்வரைக்கும் இறங்கி நின்றது. ஸ்பெயின்காரி, நம்மூர் மேமாத வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவளைப்போல வியர்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்காலில் எறும்பு ஏறத் தொடங்கியது. அவர் நான்கு காலைச் சுற்றியும் எறும்புப் பொடியால் வட்டம் போட்டார். அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நல்ல எண்ணெய் என்றால் நின்று பிடிக்கும் என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மகளுக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதற்குப் பதில், கடைசி எழுத்துத் தேர்வு மறுநாள் காலை முடிகிறது, முடிந்ததும் வருகிறேன், அதுவரை அப்பாவை அந்த அறைக்குள் விட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஒரு விரலால் லேஸின் ஓரத்தைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தாள்.

"அப்பா, இது தேங்காயெண்ணெயா?"

"நம்ம மில்லுல ஆட்டினது மக்கா."

"ஆளிவிதை எண்ணெ காஞ்சு தோலு மாதிரி ஆவும். அதுக்குத்தான் அதைப் போடுதோம். தேங்காயெண்ணெ காயவே காயாது."

"ஒரு வாரம் பாரேன்."

"அப்பா. எனக்குக் கலியாணமாகி உங்களுக்குப் பேரப்பிள்ள பிறந்தாலும் காயாது."

அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கிற்று என்று நினைக்கிறேன். முகம் சின்னதாகிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. தலையில் எண்ணெய் போக வேண்டுமானால் பயறுபொடியைப்போல ஒன்று இல்லை, கரைத்துக் கொண்டுவரட்டுமா என்று அடுக்களை வாசலில் நின்று கேட்டார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மில்லுக்குப் போய்விட்டார்.

பிறகு அவள் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஏதோ ஒரு திரவத்தில் நனைத்து, பிழிந்து, படத்தின் மேல் உருட்டினாள். தேய்க்கவில்லை, உருட்டினாள். ஒவ்வொரு பஞ்சையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கறுப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டாள். கறுப்பு ஒட்டினால் எண்ணெயோடு வண்ணமும் வருகிறது என்று அர்த்தமாம். நான் பக்கத்தில் பஞ்சு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் சுற்றிய பஞ்சுகள் எல்லாம் வெள்ளரிப்பிஞ்சுபோல வந்தன. அவள் அவற்றைப் பிரித்து மறுபடி சுற்றினாள்.

உடுப்பு சரியாயிற்று. தோள்பக்கத்து லேஸும் ஏறக்குறையச் சரியாயிற்று. தலைமுடியில்தான் சிக்கல். அங்கே வண்ணத்தைத் தடிமனாகப் போட்டு, தூரிகையின் கோடுகள் தெரியும்படி விட்டிருந்தாள். அந்தக் கோடுகளுக்கு நடுவே எல்லாம் அவருடைய முதல் எண்ணெய் போய் உட்கார்ந்திருந்தது. இதற்குமேல் தொட்டால் முடி வந்துவிடும் என்று நிறுத்தினாள். தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நல்ல கறுப்பாக, லேசான மினுக்கத்தோடு அழகாகவே இருந்தது. போதும், தப்பித்தோம் என்று நினைத்தேன். நான் அப்படி நினைப்பது அபூர்வம். அதுவே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

பரீட்சை நாளில் படத்தை மில் டெம்போவில்தான் கொண்டுபோனோம். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை யாரும் பேசவில்லை. வண்டி முழுக்கக் கொப்பரை வாசனை. மகள் பின்னால் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் படங்களை ஒரு பெரிய அறையில் வரிசையாக மாட்டினார்கள். பெற்றோர் வராந்தாவில் நிற்கலாம், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம். எங்கள் ஸ்பெயின்காரி கதவுக்கு நேர் எதிரே இருந்தாள். தேர்வாளர் இரண்டு அறைகளுக்கு அப்பால் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அவர் வருகிறார் என்பதால் பணியாள் ஏசியைப் போட்டார். நன்றாக, மரியாதையோடு, வெப்பநிலையைக் குறைக்க முடிந்த அளவுக்குக் குறைத்துப் போட்டார்.

முதலில் நான் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். புடவைத் தலைப்பால் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றுமில்லை. ஸ்பெயின்காரியின் காதோரம் லேசாக வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளுப்பு நெற்றிக்கு மேலே ஏறியது. வகிட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பிறகு லேஸின் விளிம்பு. காலையில் இருபத்தைந்து வயது சொல்லத்தக்கவளாக டெம்போவில் ஏறியவள், என் கண்முன்னால் என் வயதுக்கு வந்து, என்னையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் பிடித்துக்கொள்ள எதையோ தேடினேன். கிடைத்தது கணவரின் கை. அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறையுது" என்றார். மார்கழிக் காலையில் குப்பியில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டுமே, அதேதான். உள்ளே மகள் திரும்பிப் படத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவள் அசையவில்லை. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஏசியை நிறுத்தச் சொல்ல, பணியாள் அவரை வெளியே போகச் சொல்ல, இரண்டு பேரும் கதவில் நின்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தேர்வாளர் வந்துவிட்டார்.

நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய அம்மையார். மற்றப் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் படத்தின் முன்னால் வந்து நின்றார். கையிலிருந்த அச்சுப்படத்தைப் பார்த்தார். அதில் முடி கறுப்பு. மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இதென்தா, நரச்சல்லோ." நரைத்துவிட்டதே என்கிறார்.

கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னால் என்ன, காலம் கழிவதைக் காட்டினேன் என்று ஏதாவது சொல்லேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். பிள்ளைகளுக்கு உண்மையே பேச வேண்டும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான்.

மகள் மலையாளத்தில் சொன்னாள்: அது தேங்காய் எண்ணெய், அப்பா தேய்த்துவிட்டார், என்னால் முழுக்க எடுக்க முடியவில்லை.

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்டார். கேட்க வேண்டியதே இல்லை. பணியாளின் கையிலிருந்து விடுபட்டு அவர் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"மேடம், நரை இல்ல. எண்ணெ உறஞ்சதாக்கும்" என்றார். "கலப்படம் உள்ளதுன்னா இப்படி உறையாது. நம்மளுது சுத்தம்."

பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தேர்வாளர் குனிந்து ஸ்பெயின்காரியின் தலையை மோந்து பார்த்தார். அப்புறம் அவரை விட்டுவிட்டு மகளிடம் திரும்பி, ஏன் முழுக்க எடுக்கவில்லை என்று கேட்டார். மகள் சொல்லத் தொடங்கினாள். அடியில் இருக்கும் வண்ணம் இன்னும் இளசு, மேலே உள்ளதைக் கரைப்பது அதையும் கரைக்கும், உடுப்பில் மெல்லிய பூச்சு என்பதால் எடுக்க முடிந்தது, முடியில் கோடுகளுக்கு நடுவே போனால் முடியே வரும், ஆகவே சில மாதம் இறுகவிட்டுத் திரும்பவும் முயல வேண்டும். நீ எடுத்த இடத்தை எப்படிச் சோதித்தாய்? ஒவ்வொரு பஞ்சையும் பார்த்தேன். இங்கே செய்து காட்டு.

மகள் பையிலிருந்து குச்சியும் பஞ்சும் எடுத்தாள். காதுக்கு மேலே, நகம் அளவு இடம். பஞ்சை நனைத்து, பிழிந்து, உருட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்று. மூன்றாவது பஞ்சைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நகம் அளவுக்குக் கறுப்பு திரும்பி வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்று அந்த அம்மையார் கேட்டார். மகள் பஞ்சை நீட்டிக் காட்டினாள். நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது. இதற்குமேல் வேண்டாம் என்றாள். தேர்வாளரிடமே வேண்டாம் என்கிறாள்.

"மதி" என்றார் அவர். போதும்.

பிறகு நிதானமாகக் குறை சொன்னார். விசிறி மோசம். விரல்கள் வெண்டைக்காய். லேஸை எண்ணி வரைந்திருக்கிறாய், பார்த்து வரையவில்லை. கண் நன்றாக வந்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மேற்படிப்புக்கான நேர்முகத்துக்கு வரும்போது படத்தோடு அந்த மூன்று பஞ்சுகளையும் எடுத்து வா என்றார். கிளம்புகிறவர் கதவருகே நின்று, சுவரில் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். எதால் வரைந்தது என்ற இடத்தில் எண்ணெய் வண்ணம் என்று மட்டும் இருந்தது. உள்ளது முழுக்க எழுத வேண்டும், இனி இந்தப் படத்தைத் தொடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். நேர்முகத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தி வந்து இப்போது கொஞ்ச நாளாகிறது. ஆனாலும் எங்காவது ஏசி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டால் என் கை தானாக எதையாவது பிடிக்கப் போகிறது.

பரீட்சை முடிந்த படங்களை, பரீட்சை நடந்த அதே வாரத்தில் பொதுமக்கள் பார்க்க வைத்தார்கள். நாங்களும் போனோம். அந்த ஏசிக் குளிரில் ஸ்பெயின்காரி அப்போதும் நரைத்துத்தான் இருந்தாள், காதுக்கு மேலே நகம் அளவு இளமையோடு. அட்டையில் மகள் புதிதாக எழுதியிருந்தாள்: கான்வாஸில் எண்ணெய் வண்ணம், தலைமுடியில் தேங்காய் எண்ணெய், அப்பா.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து, மகளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"சுத்தமான எண்ணெனு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே மக்கா."

மகள் அவரையும் பார்த்தாள், ஏசியையும் பார்த்தாள்.

"அதான் வெளுத்துக் காட்டுதே அப்பா. பின்னே எதுக்கு எழுதணும்?"